வைக்கோலில் ஒரு பள்ளம்

ஆரோக்கியம் இறந்த பிறகு அவன் பார்த்துவந்த லாய வேலை அவன் மனைவி சலேத்துக்கு வந்தது. பயிற்சி ஓட்டத்துக்குப் போன குதிரைகள் திரும்புவதற்குள் பன்னிரண்டு கொட்டடிகளிலும் லத்தியை வாரி, ஈர வைக்கோலை அள்ளிப் போட்டு, புதிது பரப்பிவிட வேண்டும். கடைசிக் கொட்டடியில்தான் அவளுக்கு நேரம் பிடிக்கும். அங்கிருக்கும் கிழட்டுக் குதிரை, மற்றவற்றுக்குத் துணையாக மட்டும் போய்வருவது, இரவெல்லாம் சுவரோரமாகவே ஒதுங்கிக் கிடக்கும். மீதி இடத்தில், முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்த ஓர் ஆளின் அளவுக்கு, தினமும் ஒரு பள்ளம். ஆரோக்கியம் அந்தக் குதிரையோடு அப்படித்தான் படுப்பான். பள்ளத்தில் ஒரு நாளும் லத்தி விழுந்ததில்லை. சலேத் அதைக் கலைக்காமல் சுற்றிச் சுற்றி வாருவாள்.

“என்னம்மா, இன்னும் கை பழகலையா?” என்பார் மேஸ்திரி காதர்.

பழகிவிட்டது. ஒரு காலை பன்னிரண்டையும் முடித்துவிட்டு முற்றத்துக்கு வந்தபோது குதிரைகள் இன்னும் வந்திருக்கவில்லை.

“இப்பதான் ஆரோக்கியம் மாதிரி செய்யற” என்றார் மேஸ்திரி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கை போன வேகத்தில் பள்ளத்தையும் சேர்த்து வாரியிருந்தாள்.

கடைசிக் கொட்டடிக்கு ஓடினாள். வைக்கோல் மட்டமாகக் கிடந்தது. வெளியே குளம்புச் சத்தம் நெருங்கியது. சலேத் அதே இடத்தில் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டாள். உள்ளே வந்த குதிரை எப்போதும்போல் சுவரோரம் ஒதுங்கியது. பிறகு தலையைத் தாழ்த்தி, அவளை விட்டுவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் முகர்ந்தது. அங்கே வைக்கோல் மெதுவாக அமுங்கும் சத்தம் கேட்டது.

சலேத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.