கோபுரம் பாக்கி

வேல்சாமிக்குக் கொடுத்த வாக்கை முதலாளி ஹரிகிருஷ்ணன் முதல் தடவையாகத் தவறிவிட்டார். அதுவும், வேல்சாமி தன் ஊர் தளவாய்புரம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்த அன்றைக்கு.

"கண்ணு சரியாகட்டும் அண்ணாச்சி. விமானத்துல ஏத்தி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை மேலேருந்து காட்டுதேன்" என்று சொன்னவரே அவர்தான்.

விமானம் ஓட்டத் தெரிந்த முதலாளிக்குக் கார் ஓட்டத் தெரியாது. பதினெட்டு வருஷமாக வேல்சாமிதான் டிரைவர். இரண்டு கண்ணிலும் அடுத்தடுத்து ஆபரேஷன் நடந்ததில், ஆறு மாதம் வண்டியைத் தொடக் கூடாது என்றார் டாக்டர்.

"மில்லு பக்கந்தானே, நடந்துக்கிடுதேன். விமானமும் ரிப்பேர்" என்றார் முதலாளி.

அந்தக் கெடு முடிந்து, இன்று ராஜபாளையத்திலிருந்து முதலாளியோடு மூன்று மணி நேரம் கார் ஓட்டிவந்து, புது வேட்டியோடு விமான மைதானத்தில் நின்றார் வேல்சாமி.

ஹரிகிருஷ்ணன் தனியாக ஓட்டிய விமானம் நாலு தடவை ஏறி இறங்கியது. பிறகு தலையைத் தொங்கப்போட்டு வந்தார்.

"காத்து கூடிப்போச்சு அண்ணாச்சி. இன்னும் சில தடவை பாக்கி. அதை முடிக்காம ஆள் ஏத்தக் கூடாது. சட்டம்."

"முன்ன உங்க சேக்காளி கூட்டாளிகளை ஏத்தும்போது சட்டம் எங்க போச்சு? டிரைவர்னா மட்டும் வருதாக்கும்?"

ஹரிகிருஷ்ணன் ஆபீசுக்குள் போய்விட்டார்.

பறக்கக் கற்றுத்தரும் ஷெரின் அருகில் வந்தாள்.

"சாரைத் திட்டாதீங்க ஐயா. லைசென்ஸ் மட்டும் போதாது. இத்தனை மாசத்துக்குள்ள இத்தனை தடவை ஏறி இறங்கியிருந்தாத்தான் கூட ஆள் ஏத்தலாம். அவர் ஆறு மாசமா வரவே இல்ல."

"விமானந்தான் ரிப்பேராச்சே?"

"ரிப்பேரா? அது தினமும் பறந்துச்சு."

"பொய் வேறயா!" என்று கொதித்தார் வேல்சாமி.

"வேற டிரைவரைப் போட்டு வாங்கன்னு நானே போன்ல சொன்னேன். ‘அந்த சீட்டுல வேற ஆள் உக்காந்தா, வேலை போச்சுன்னு எங்க அண்ணாச்சி உடைஞ்சுபோவாரு. கண்ணு தெளியட்டும், சேந்தே வாரோம்’னுட்டார்."

கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேல்சாமி கசக்கினார்.

காரில் ஏறியதும் ஹரிகிருஷ்ணன் மெல்லக் கேட்டார்.

"கோவமா அண்ணாச்சி?"

"பின்னே? ஊருக்குள்ள எந்த மூஞ்சியோட போவேன்?" சாவியைத் திருகினார் வேல்சாமி. "வார ஞாயித்துக்கிழமை காலையில வெள்ளனவே வண்டி எடுக்கேன். மிச்சத்தை முடிங்க தம்பி. ஆனா ஒண்ணு, கோபுரம் பாக்கி பாக்கிதான். அதை நான் விடமாட்டேன்."