ஒரு நாளுக்கான காய்

“உங்களுக்கு வாரக் காய்ப் பெட்டி கிடையாது. ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்குங்க, ஒத்தாவியோ ஐயா” என்றான் காய்கறிக் கடைக்காரன் சவேரியோ.

பெரியவர் கைத்தடியை மாற்றிப் பிடித்தார். “பெட்டியா வாங்கினா பாதி விலைன்னு நீதானேப்பா பலகையில எழுதி வச்சிருக்கே?”

“அது குடும்பக்காரங்களுக்கு.”

வரிசையில் பின்னால் நின்ற லொரெதானாவுக்குச் சுருக்கென்றது.

லிவோர்னோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன். மனைவி போனபிறகு வெறும் ரொட்டியும் உப்புப் போட்ட சலாமி இறைச்சியுமாக ஓட்டி ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொண்டார். டாக்டர் திட்டிய பிறகு, இந்த வயசில் காய்கறி சூப் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். வருவதோ சின்ன பென்ஷன். அவருக்கா பெட்டி கிடையாது?

சவேரியோ ஒரு சுக்கினி, ரெண்டு தக்காளி, ஒரு பிடி பீன்ஸ் பையில் போட்டான். எல்லாருக்கும் இனாமாகத் தருகிற கேரட், செலரி, பார்ஸ்லியையும் மேலே செருகினான்.

“உருளைக்கிழங்கு?”

“நேத்து வாங்கினது மிச்சம் இருக்குமே.”

“என் சமையலறையில இருக்கிறது என்னைவிட உனக்குத்தான் தெரியுது!”

“நாளைக்குப் பத்து மணிக்குள்ள வந்துடுங்க.”

“முட்டி வலிக்குதுடா.”

“மெதுவா வாங்க.”

அவர் தெருமுனை திரும்பும்வரைதான் லொரெதானாவால் பொறுக்க முடிந்தது.

“உனக்கு மனசாட்சி இருக்கா? தனியாளுன்னா எல்லாருக்கும் இளப்பம்! சூப்பர் மார்க்கெட்ல கீரையைக்கூட நாலு பேருக்குத்தான் கட்டி விக்கிறான். ஒத்தை ஆளு வாங்கினா பாதி அழுகுது. இப்போ நீயும் சேந்துட்டியா? தினம் வரவழைச்சுத் தினம் பிடுங்கலாம்னு!”

“பெட்டிக் கணக்குலதான்மா அவர்கிட்ட காசு வாங்கறேன்.”

“அப்போ பெட்டியையே குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே! முட்டியை இழுத்துக்கிட்டு எதுக்கு அலையணும்? எங்க மேல்வீட்டுக்காரரு அவரு. கேக்க ஆளில்லைன்னு நெனச்சியா?”

“நல்லாக் கேளுங்க லொரெதானா!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சவேரியோ கத்தியைக் கீழே வைத்தான்.

“போன ஜனவரில பெட்டிதான் வாங்கிட்டுப் போனாரு. வாரத்துக்குக் காய் இருக்கே, வரமாட்டாருன்னு நானும் தேடல. அப்பதான் குளியலறையில விழுந்தாரு.”

“தெரியும்பா. ஆம்புலன்ஸ் வந்தப்போ வாசல் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான்.”

“அவரு விழுந்தது அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. தண்ணி மீட்டர் பாக்க வந்தவன் கண்டுபிடிச்சான். இப்போ பத்து மணிக்குள்ள வரலைன்னா, கடையை அப்படியே போட்டுட்டு ஓடுவேன். அதுக்குத்தான் ஒரு நாள் காய்.”

“ரெண்டு நாளா!” லொரெதானா நெஞ்சில் கை வைத்தாள். “கடவுளே! ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பேனே!”

“குரல் எழும்பலையாம். மொத நாள் ராத்திரி தரையைத் தட்டிக்கிட்டே கிடந்தாராம்.”

சவேரியோ அவள் முகத்தைப் பார்க்காமல் தராசுத் தட்டைத் துடைத்தான்.

“கீழேயிருந்து துடைப்பக் கட்டையால கூரையை இடிச்சு, ‘தூங்க விடு, கிழவா’ன்னு ஒரு சத்தம் வந்துச்சாம். அதுக்கப்புறம் அவரு தட்டலையாம்.”