மைனா காட்டிய தையல்

தையற்கடை வைக்க மைனா காட்டரசிடம் மானியம் கேட்டிருந்தது. தைத்த கூடு ஒன்றைக் காட்டினால்தான் நாரை அதிகாரி கையெழுத்திடுவார். மைனாவுக்கோ தைக்க வராது. பணம் வந்தபின் கற்றுக்கொள்ளலாம் என்றிருந்தது.

“அக்கா, உங்க கூட்டை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?”

“அதுக்கென்னம்மா, எடுத்துக்க,” என்றது தையல்சிட்டு.

மறுவாரம், ஒழுகும் தன் கடைக்குக் கூரை போட மானியம் கேட்டு, தையல்சிட்டும் அதே கூட்டோடு வந்தது. நாரை பதிவேட்டைப் புரட்டியது.

“இது மைனா தைத்ததென்று படத்தோடு இருக்கிறது. அடுத்தவர் உழைப்பைக் காட்டிக் கேட்கிறாயே, கூச்சமாயில்லை?”

தையல்சிட்டு, வரிசையில் நின்ற மைனாவைப் பார்த்தது.

மைனா ஓரடி முன்னால் வந்தது. “ஐயா, அந்தக் கூடு...”

“அதற்கென்ன?”

“ஒண்ணுமில்லீங்க. என் மானியம் எப்ப வருங்க?” என்றது, சிட்டின் பக்கம் திரும்பாமல்.