கிழக்குத் திசை ஆஸ்பத்திரி

"ராசியான மச்சத்து மேல கத்தி வைக்கறதா? இன்னா டாக்டரே, என் குடும்பம் நடுத்தெருவுல நிக்கணுமா?"

செஞ்சி கடைத்தெருவில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் கோதண்டராமன், நீட்டிய வலது காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். உள்ளங்காலில் உளுந்தளவு இருந்த மச்சம் மூன்றே மாதத்தில் புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்திருந்தது. மச்சம் வளர வளர வியாபாரமும் வளருகிறது என்பது அவர் நம்பிக்கை.

"இது புற்றா இருக்கலாம் முதலாளி. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தரேன். நாளைக்கே போங்க" என்றார் டாக்டர் இராமச்சந்திரன்.

கூட வந்த மனைவி மீனாம்பாளிடம் சீட்டைத் திணித்துவிட்டு, கோதண்டராமன் நேரே மண்டிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் இரண்டு தடவை ஆள் அனுப்பியும் அசையவில்லை.

பதினைந்தாம் நாள், காலில் கட்டோடு சிரித்த முகமாக வந்து நின்றார்.

"எடுத்தாச்சு டாக்டரே! நல்லவேளை, இப்பவே வந்தீங்கன்னாங்க பாண்டிச்சேரியில. எல்லாம் நம்ம ஜோசியர் புண்ணியம். லட்சுமி மச்சத்தை விட்டு மண்டியில குடியேறிட்டாளாம். கிழக்கே கடல் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில, அமாவாசைக்குள்ள எடுத்துடணும்னு கட்டம் போட்டுச் சொல்லிட்டாரு. அவருக்கு ஒரு மூட்டை மல்லாட்டை அனுப்பிச்சேன்!"

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்தவன் தலைதலையாக அடித்துக்கொண்டாலும் காதில் ஏறவில்லை. கட்டம் போடுகிறவர் சொன்னால் பஸ் ஏறுகிறார்!

அன்று சாயங்காலமே ஜோசியர் ரங்கநாதன் வீட்டுக்குப் போய்விட்டார்.

"சந்திரனுக்கு ராக்கெட் விடற காலம்யா இது! மச்சத்துக்குத் திசையும் அமாவாசையும் எந்த சாஸ்திரத்துல இருக்குது? ஊரை ஏமாத்த வெக்கமா இல்ல?"

ஜோசியர் எழுந்து நின்றார்.

"ஒரு சாஸ்திரத்துலயும் இல்ல டாக்டரய்யா. அவரு ஜாதகத்தை நான் பிரிக்கவே இல்ல. அவரு சம்சாரம் அழுதுக்கிட்டே கொண்டாந்த உங்க சீட்டைத்தான் பிரிச்சேன். அதுல இருந்த ஆஸ்பத்திரியைத்தான் சொன்னேன்."

அவர் குரல் இறங்கியது.

"என் தம்பிக்கும் இப்படித்தான் ஒரு மச்சம் வளந்துச்சு. ராசியானது, தொடாதேன்னு நான்தான் சொன்னேன். இப்போ அவன் இல்ல."

டாக்டர் வீடு திரும்பினார்.

மறுநாள் பக்கத்து ஊரான வல்லத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர், கழுத்து மச்சத்தைக் கையால் பொத்திக்கொண்டு முரண்டு பிடித்தார். "இது ராசியான மச்சம் சார். விட்டுடுங்க."

டாக்டர் கோபப்படவில்லை. பாண்டிச்சேரிக்குச் சீட்டு எழுதி, உறையில் போட்டு ஒட்டினார்.

"ஜோசியர் ரங்கநாதன் வீடு தெரியுமில்ல? இதை அவர் கையில குடுங்க. எந்தத் திசைக்குப் போகணும்னு அவரே கட்டம் போட்டுச் சொல்லுவாரு!"