சன்னலோரச் சாப்பாடு

"சைனாடவுன்ல நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு தெரியுமா?" லண்டன் ஜெரார்ட் தெருவின் நடுவில் நின்று மனைவிக்குப் பாடம் எடுத்தான் கிளைவ். "சீனாக்காரங்க எங்க சாப்பிடறாங்கன்னு பாரு. அங்க கண்ணை மூடிட்டு நுழைஞ்சிடலாம்!"

சொல்லிவைத்தாற்போல், ஒரு கடையின் சன்னலோரம் ஒரு சீனக் கிழவர் தலை நிமிராமல் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"பசியில உயிர் போகுது. எங்கேயாவது உட்காருங்க," என்றாள் மொரீன்.

சிவப்பு டை கட்டிய முதலாளி வாயெல்லாம் பல்லாக அவர்களை உட்காரவைத்துவிட்டு வெளியே நழுவினார்.

வாத்துக்கறி வந்தது. மொரீன் மென்றாள், மென்றாள், கடைசியில் துப்பினாள்.

"செருப்பை சோயா சாஸ்ல ஊறப்போட்டிருக்காங்க!"

"அசல் ருசி அப்படித்தான் இருக்கும். நம்ம நாக்குக்கு என்ன தெரியும்? அந்தப் பெரியவரைப் பாரு!"

பெரியவர் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, வயிற்றைத் தடவியபடி கிளம்பிப் போனார்.

அதற்குமேல் மொரீனுக்குப் பொறுக்கவில்லை. பில்லைத் தீர்த்துவிட்டு, கிளைவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குள் நுழைந்தாள்.

கல்லாவில் அதே கிழவர்!

"வாங்க, வாங்க, இது நம்ம கடைதான். அங்க வாயில வைக்க முடியலையா?"

"அப்புறம் எதுக்கு அங்க உட்கார்ந்து அப்படி ரசிச்சு சாப்பிட்டீங்க?" என்று சீறினாள் மொரீன்.

கிழவர் மோவாயால் தன் கடைச் சன்னலைக் காட்டினார். அங்கே எதிர்க்கடை முதலாளி, சிவப்பு டையைத் தோள்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"நான் அங்க சாப்பிட்டாதானே அவர் இங்க வந்து சாப்பிடுவார்!"