ஸ்டார்ட் ஆகாத கார்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது. அவர் பழைய கார் பைத்தியம். அவரைப் போன்றவர்களுக்கு ஒரு சங்கமே இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் ஒரு பட்டறைக்குப் போனார்கள். பழைய கார்களைப் பிரித்துப் புதுசாக்கித் தரும் இடம். சங்கத் தலைவர் தன் அப்பாவின் வெள்ளைக் காரை அங்கே விடலாமா என்று பார்க்க வந்திருந்தார். அவர் விட்டால் மற்றவர்களும் விடுவார்கள். அது பட்டறைக்காரருக்கும் தெரியும்.

உள்ளே ஒரு கறுப்புக் கார். தலைவருடையதைப் போலவே அதே மாடல். முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"எஞ்சின் வேலை முடிஞ்சுதா?" என்றார் தலைவர்.

"முடிஞ்சது சார். சீட் தையல்தான் பாக்கி."

"அப்ப ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தம் கேப்போம்."

பட்டறைக்காரர் துணியில் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கைதான்.

"பேட்டரி இல்லீங்க சார்."

பக்கத்து சீட்டுக்காரர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "இதோ இருக்கே."

"அதுல சார்ஜ் இல்ல."

"என் கார்லேர்ந்து வயர் போட்டு எடுக்கலாம்."

"பெட்ரோலும் ஊத்தல சார்."

"ஸ்கூலுக்கு மட்டம் போடற பையன் மாதிரி ஒவ்வொண்ணா சொல்றீங்களே. அடுத்தது வயித்துவலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பட்டறைக்காரரும் சிரித்துவைத்துவிட்டு, டீ சொல்ல வெளியே போனார்.

"மேலே மினுக்கிட்டு எஞ்சின்ல கையே வைக்கல. இந்த ஆள்கிட்டயா அப்பா காரை விடறது?" என்றார் தலைவர்.

பக்கத்து சீட்டுக்காரர் அதற்குள் புகைக்குழாயில் விரலை விட்டுப் பார்த்திருந்தார். "புதுக் கரி சார். இது ஓடுற வண்டி."

"அப்ப கஸ்டமர் கார்ல ஊர் சுத்தறாரா?"

சாவி அதிலேயே இருந்தது. தலைவர் ஏறி உட்கார்ந்து திருகினார். முதல் திருகலிலேயே எஞ்சின் உறுமியது. ஒரு குறை சொல்ல முடியாத சத்தம்.

"பாத்தீங்களா, பொய். அத்தனையும் பொய்."

பட்டறைக்காரர் தெருவிலிருந்து ஓடிவந்தார். "ஆஃப் பண்ணுங்க சார், ஆஃப் பண்ணுங்க."

தலைவர் அணைப்பதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வயதான அம்மா ஒருவர் கூந்தலை முடிந்துகொண்டே வந்து, கார் நுழைகிற மாதிரி கேட்டை அகலத் திறந்தார்.

"இன்னிக்கு மழைதான். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துட்டாரே மகராசன்."

பட்டறைக்காரர் தெருவைத் தாண்டிப் போனார். "டீச்சரம்மா, சார் வண்டியை சர்வீஸுக்கு விட்டுட்டுப் போயிருக்கார். வர லேட்டாகுமாம். உங்களைச் சாப்பிடச் சொன்னார்."

"அதானே பார்த்தேன்." கேட்டின் ஒரு கதவை மட்டும் சாத்திவிட்டு அந்த அம்மா உள்ளே போனார்.

பட்டறைக்காரர் திரும்பிவந்து சொன்னார்: "அவங்க வீட்டு வண்டிதான் சார். வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. பையன் ரெடி பண்ணக் குடுத்திருக்கார். அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோச்சு, இந்தச் சத்தம் மட்டும் மறக்கல. முதல் தடவை உண்மையைச் சொல்லிட்டேன். அன்னிக்குத்தான் போன மாதிரி அழுதாங்க. மறுநாள் சத்தம் கேட்டதும் திரும்பக் கேட்டைத் திறந்தாங்க."

"அப்ப எஞ்சினை எப்படி டெஸ்ட் பண்றீங்க?"

"மெயின் ரோடு வரைக்கும் தள்ளிட்டுப் போவோம் சார். திரும்பும்போதும் அப்படித்தான்."

தலைவர் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். டீ வந்தது.

கேட்டதை அப்படியே நம்பி எழுத எனக்குப் பயம். போன மாதம் அந்தத் தெருவுக்கே போனேன். மெயின் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னால், இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிப்போக, ஒருவர் மூச்சு வாங்கத் தள்ளினார்.

"ரிப்பேரா சார்?" என்று கேட்டேன்.

அவர் எதிர்வீட்டு கேட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆமா தம்பி, ஸ்டார்ட் ஆகல" என்றார்.

நானும் ஒரு கை கொடுப்பது போல் குனிந்து, புகைக்குழாயைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.