அரைச் சுற்று

லாரியின் கண்காணிப்புப் பெட்டி கேட்டது: "டீசல் பம்ப் ஸ்குருவைக் கூட்டியது யார்? பொத்தானை அழுத்தி, அறுபது விநாடிக்குள் சொல்லவும்."

பொன்னரசிக்கு ரத்தம் கொதித்தது. எஞ்சினைப் பிரித்துக் கோத்தவர் அப்பா மாரப்பன். மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்று டிரைவர் வையக் கூடாதென்று, கடைசியில் ஸ்குருவை அரைச் சுற்று கூட்டிவைப்பது அவர் வழக்கம். கூட்டினால் டீசல் அதிகம் பாய்ந்து வண்டி கரும்புகை கக்கும்; அதனால் அது குற்றம். இரண்டு முறை பிடிபட்டுத் தடையும் வாங்கியாயிற்று. மூன்றாம் முறை பிடிபட்டால் ஆயுளுக்கும் ஸ்பானரைத் தொட முடியாது.

"ஏப்பா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"அரைச் சுத்துதான கண்ணு. நீதான்னு சொல்லிரு. உனக்கு மொதத் தடவ, ஒரு வருசத்தோட போயிரும்."

"பொய் சொன்னா பொட்டி கொரல வெச்சே கண்டுபுடிச்சிரும். இதுக்குத்தான் நாலு வருசம் இஞ்சினியரிங் படிச்சனா?"

பெட்டி பத்து, ஒன்பது என்று எண்ணத் தொடங்கியது.

அவள் அப்பாவின் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கினாள். ஸ்குருவை அரைச் சுற்று குறைத்தாள். அதே வேகத்தில் மறுபடி அரைச் சுற்று கூட்டினாள். பொத்தானை அழுத்தினாள்.

"நான்தான் கூட்டினேன்."

"குரலில் பொய் இல்லை. பொன்னரசிக்கு ஓராண்டுத் தடை."

மாரப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவள் ஸ்பானரை அவர் காலடியில் வீசினாள்.

"அடுத்த வண்டியில கூட்டிப் பாரு. உம் பேர நானே சொல்லுவேன். அதுக்கு ஸ்பானரக்கூடத் தொட வேண்டியதில்ல."